என் வாயால் நீ சொன்ன பொய்

தம்பி,

"அன்புள்ள மகனுக்கு" என்று தொடங்குவதுதான் முறை. அதை எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை எழுதவில்லை. அன்பு இல்லை என்று நினைக்காதே. அது எங்கேயும் போகிற சாமான் இல்லை. ஆனால் இன்றைக்கு அதற்கு முன்னால் கோபம் வந்து நிற்கிறது. அது முதலில் போகட்டும். வில்லரேயில் உன் தங்கச்சி வீட்டுக் குசினி மேசையில் இருந்து, மூலைக் கடையில் அவள் வாங்கித் தந்த கொப்பியில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளின் எழுத்து. பிழை கிடந்தால் திருத்தி வாசி. நான் சொல்வதைத் திருத்துகிறது உனக்குக் கைவந்த வேலைதானே. இதை நான் மூடி ஒட்டப்போவதில்லை. உன் பெண்சாதி வாசிக்கட்டும். கோயில் பத்திரிகைக்கும் ஒரு பிரதி கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் அந்தப் பத்திரிகைக்காரரின் முகத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு மறதி கிடையாது என்பது உனக்குத் தெரியும். உன் கலியாணத்தில் உன் மாமியார் என் சீலையைத் தொட்டுப் பார்த்து "இது பழைய மொடல்தானே" என்றது நினைவிருக்கிறது. அன்றைக்கு அவ கட்டியிருந்த சீலையில் எந்த இடத்தில் குழம்புக் கறை பட்டிருந்தது என்பதும் நினைவிருக்கிறது. நான் விமானத்தால் வந்து இறங்கிய அன்று, எங்களுக்கு மேலே குடியிருக்கிற அல்பிரட் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "அம்மா பாசையூரையே கட்டிக்கொண்டு வந்திட்டா போல" என்று சிரித்ததும், நீயும் சேர்ந்து சிரித்ததும் நினைவிருக்கிறது. படித்தவர்கள் ஒன்றை எழுதி வைத்துவிட்டு மறந்துபோகலாம். எங்களைப் போன்ற ஆட்களுக்கு அந்த வசதி இல்லை. இதைத் தெரிந்துதான் நீயும் உன் ஆராய்ச்சியை என்னிடம் சொல்லிப் பார்த்தாய். பட்டத்துக்காகப் பேராசிரியர்களுக்கு முன்னால் நின்று பேசவேண்டிய அந்தக் குளிர்காலம் முழுக்க, நான் மீன் வெட்ட வெட்ட, நீ எனக்கு எதிரே கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, பிரெஞ்சில் எழுதியதைத் தமிழில் சொன்னாய். "அம்மா, உங்களுக்கு விளங்கினால் அவைக்கும் விளங்கும்" என்றாய். எனக்கு விளங்கியது. அதுதான் இன்றைக்கு உனக்குக் கெட்ட காலம்.

இங்கிலாந்தின் பழைய ராசாக்கள் காலத்துக் கதை அது. ராசாக்களின் பெயர்களை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களை நினைவில் வைத்திருக்க உன்னைப் போன்ற ஆட்கள் இருக்கிறார்கள். நான் வைத்துக்கொண்டது வேறு. ஒரு குடியானவனை ஒருவன் அடித்தால், அது அந்தக் குடியானவனுக்கும் அடித்தவனுக்கும் இடையிலான சண்டை மட்டும் இல்லை, ராசா நாட்டுக்குக் கொடுத்திருக்கிற அமைதியை உடைத்த குற்றம் என்று ராசாவின் நீதவான்கள் சொன்னார்கள் என்றாய். இந்த நாட்டிலும் குற்ற வழக்குகள் இன்னும் ராணியின் பெயரில்தான் நடக்கின்றன, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது என்றும் சொன்னாய். பிறகு கூக்குரல் சட்டத்தைச் சொன்னாய். அதைச் சொன்னபோது நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஒரு ஊரில ஆராவது ஐயோ எண்டு கத்தினால், கேட்ட ஆக்கள் எல்லாரும் கையில கிடைச்சதைத் தூக்கிக்கொண்டு வெளியில வரவேணும் அம்மா. அது சட்டம். வராட்டி ஊருக்கே தண்டம்."

"பொம்பிளை கத்தினாலுமோ?"

"பொம்பிளை கத்தினாலும்."

"அப்ப எங்கட ஊரை விடத் திறமான ஊர்தான்."

நீ சிரித்தாய். பிறகு முகம் மாறிச் சொன்னாய்: அப்படிக் கத்திய பெண்களில் எத்தனையோ பேரைப் "பொய்க் கூக்குரல் போட்டவள்" என்று எழுதி, அவர்களுக்கே தண்டம் போட்டிருக்கிறார்கள் என்று. அயலார் வந்து "ஓம், நாங்கள் கேட்டோம்" என்று சத்தியம் செய்தால் அவள் தப்புவாள்; அயலார் வாயை மூடிக்கொண்டால் அவள் பொய்க்காரி. அப்படி ஒருத்தியைப் பற்றிய பதிவைப் படம் எடுத்து வைத்திருந்தாய். ஒரே ஒரு வரி. அவள் உண்மையில் என்ன சொல்லிக் கத்தினாள் என்று கேட்டேன். "ஆருக்கும் தெரியாது அம்மா. சனம் கதைச்சது இங்கிலீஷ். ராசாவின்ர கோட்டில நியாயம் கதைச்சது பிரெஞ்சில. எழுதி வைச்சது லத்தீனில. அவள் சொன்னது காத்தோட போச்சு. எழுத்தர் எழுதினது மட்டும் மிஞ்சிக் கிடக்கு" என்றாய். சொல்லும்போது உன் கண் கலங்கியது. நான் பார்த்தேன். என் பிள்ளைக்கு நல்ல மனம் என்று அன்றைக்கு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

கடைசியாகப் பாராளுமன்றம் கூடிய கதையும் சொன்னாய். தங்களுக்குச் சார்பாக என்ன சொல்கிறார்கள், எதிராக என்ன சொல்கிறார்கள் என்று சனத்துக்கு விளங்கவில்லை, ஆகவே இனிமேல் வழக்கைச் சனத்தின் மொழியிலேயே பேசவேண்டும் என்று சட்டம் போட்டார்களாம். நான் "அப்பாடா" என்றேன். "ஆனால் எழுத்து மட்டும் லத்தீனிலதான் இருந்தது" என்றாய். "அப்ப என்ன பிரயோசனம்?" என்று கேட்டேன். "அதுதானம்மா என்ர மூன்றாம் அத்தியாயம்" என்று மேசையில் தட்டிச் சிரித்தாய். உனக்குப் பட்டம் தந்தார்கள். கல்லூரியில் வேலை தந்தார்கள். கோயில் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். அதைப் போர்த்தியவன் அல்பிரட்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் எல்லாவற்றையும் சொல்கிறேன். மூன்று தட்டு வீடு. கீழே நாங்கள். நடுத்தட்டில் அல்பிரட்டும் அவன் பெண்சாதி ஜெயந்தியும். மேல்தட்டில் தனியாக இருக்கிற கிரேக்கக் கிழவி. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். நீயும் நானும் ஜான்-டலோன் சந்தையில் ஒரு பெட்டி தக்காளி வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தோம். நீ மேசையில் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாய். நான் தக்காளியைக் கழுவினேன். மேலே முதலில் கதிரை விழுந்தது. பிறகு அவள் குரல். "என்னைக் கொல்லாதேயுங்கோ, ஆராவது வாங்கோ" என்று இரண்டு தரம் கத்தினாள். சுவரில் ஏதோ மோதிய சத்தம் கேட்டது. ஏதோ என்ன, தலைதான் மோதியது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும், ஏன் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதன் பின்னால் அல்பிரட்டின் குரல்: "வாயைப் பொத்தடி, கீழ வாத்தியார் இருக்கிறார்." உன்னைத்தான் சொன்னான். நீ கேட்டாய். உன் சிவப்புப் பேனை நின்றது, நான் பார்த்தேன்.

நான் ஈரக் கையோடு வாசலுக்குப் போனேன். நீ எழும்பி வந்து என் தோளைப் பிடித்தாய். "அம்மா, இருங்கோ. புருசன் பெண்சாதி விசயம். நாங்கள் போனால் நாளைக்கு முகத்தில முழிக்கேலாது" என்றாய். பிறகு அடுப்புக்கு மேலே இருக்கிற, புகை இழுக்கிற காற்றாடியைப் போட்டாய். அடுப்பில் ஒன்றும் இல்லை. தக்காளி கழுவுகிறதற்கு எதற்கடா காற்றாடி?

சட்டம் படிக்காத ஒருத்திதான் அன்றைக்கு உன் கூக்குரல் சட்டத்தை நிறைவேற்றினாள். மேல்தட்டுக் கிழவி, தமிழும் தெரியாது, பிரெஞ்சும் பாதி, காலில் வீக்கம். ஒரு பொரிக்கிற தாச்சியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி, அல்பிரட்டின் கதவுக்கு முன்னால் நின்று கரண்டியால் அதில் அடித்தாள். தெருவே திரும்பிப் பார்க்க அடித்தாள். பொலிசுக்கும் அவள்தான் போன் பண்ணியிருக்கிறாள். ஆனால் என்ன கத்தினார்கள் என்பதை அவளால் சொல்ல முடியாது, அவளுக்குத் தமிழ் விளங்காதே. விளங்கின காதுகள் கீழே இருந்தன. இரண்டு சோடி.

பொலிஸ் வந்தது. ஒரு இளம் பொம்பிளைப் பொலிஸ் எங்கள் கதவைத் தட்டி, "பொன்ஜூர் மடாம்" என்று மரியாதையாகக் கேட்டாள். நீ பக்கத்தில் நின்றாய். நான் தமிழில் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். கதிரை, கூப்பிட்ட சொல், சுவர், அவன் சொன்னது, எல்லாம். உன் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். நான் முடித்த பிறகு நீ அவளிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாய். இவ்வளவு பெரிய சங்கதி இவ்வளவு சின்னதாகப் போச்சே என்று எனக்குத் தோன்றியது. "எல்லாம் சொன்னனியோ?" என்று கேட்டேன். "ஓம் அம்மா. பிரெஞ்சில சுருக்கமாச் சொல்லலாம்" என்றாய். அவள் எழுதினாள், நீட்டினாள், நான் என் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். "மெர்சி மடாம்" என்றாள். நானும் "மெர்சி" என்றேன். அதற்கு ஏன் நன்றி சொன்னேன் என்று இன்றைக்கும் என் பல்லைக் கடிக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் நிம்மதியாக இருந்தேன். என்னால் செய்யக்கூடியதைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அல்பிரட்டின் மேல் வழக்குப் போட்டு, வீட்டுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று சொல்லி அவனை வெளியில் விட்டார்கள். அவன் கோயில் ஆட்கள் வீட்டில் தங்கிக்கொண்டு, அவள் தானாகப் படியில் விழுந்தவள், விசர் பிடித்தவள் என்று சொல்லித் திரிந்தான். ஜெயந்தி கோயிலுக்கு வந்தால் அவள் இருக்கிற நீட்டு வாங்கில் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. நான் போய் இருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை. நன்றி என்று நினைத்தேன். இப்போது விளங்குகிறது, அது நன்றி இல்லை. "நீங்களுமா?" என்ற பார்வை அது.

ஆனாலும் அவள் என்னை விட்டுவிடவில்லை. "கீழ்வீட்டு அம்மா கட்டாயம் கேட்டிருப்பா, இன்னொருக்காக் கேளுங்கோ" என்று அரசதரப்புச் சட்டத்தரணியிடம் சொல்லி, உன் தங்கச்சியின் போன் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறாள். உன் இலக்கத்தைக் கொடுக்கவில்லை. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. உன் தங்கச்சி என்னை அந்தச் சட்டத்தரணியின் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பிள்ளை இருந்தாள். அன்றைக்குப் பொலிஸ் எழுதி நான் கையெழுத்து வைத்த கடதாசியை அவள் எடுத்து மெதுவாகத் தமிழில் வாசித்தாள்.

"அம்மா, இதுல நீங்க ஒண்ணுமே கேக்கலன்னு இருக்கு. சமையல் பண்ணிட்டு இருந்தேன், ஃபேன் ஓடிட்டிருந்துச்சுன்னு இருக்கு. அவங்க ரொம்ப நல்ல குடும்பம்னு வேற சொல்லியிருக்கீங்க."

"நான் அப்பிடிச் சொல்லேல்ல, பிள்ளை."

"கீழ உங்க கையெழுத்து இருக்கேம்மா. அப்ப இதை யாரு சொன்னாங்க? அன்னிக்கு மொழிபெயர்த்தது யாரு?"

தண்ணீர் கேட்டேன். தலை சுற்றுகிறது, வேறொரு நாளைக்கு வாறன் என்று சொன்னேன். சட்டத்தரணி என் கையைத் தொட்டு, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றா. நான் வெளியே வந்து மெட்ரோப் படியில் இருந்துவிட்டேன். அந்த "நல்ல குடும்பம்" ஆருடைய வாயால் வந்தது, தம்பி? கேட்கவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால், பயத்தில் சொல்லிவிட்டான் என்று நினைப்பேன். ஒரு அலங்காரமும் சேர்த்திருக்கிறாய். லத்தீன் எழுத்தர்கள்கூட அவ்வளவு செய்தார்களா? எழுநூறு வருசத்துக்கு முந்தின ஒருத்திக்காக உன் கண் கலங்கியது. தலைக்கு மேலே கத்திய ஒருத்திக்குக் காற்றாடியைப் போட்டாய். அதோடு நிற்காமல் என் கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்தாய்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் நான் கேட்டது உனக்கு மறந்திருந்தால், இதோ.

"என்ன சொன்னனீ பொலிசுக்கு?"

"அதை விடுங்கோ அம்மா. பேந்து கதைப்பம்."

"நல்ல குடும்பம் எண்டு நானோ சொன்னனான்?"

"அல்பிரட் அண்ணை எனக்குச் சோறு போட்டவர். எட்டு மாசம். நீங்கள் அந்த நேரம் இங்க இல்லை. பனிக்குள்ள சப்பாத்து இல்லாமல் வந்து நிண்டனான். கதவைத் திறந்தவர் அவர்தான்."

"கதவைத் திறந்தது அவன். சோறு காய்ச்சினது ஆர்?"

நீ தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தாய்.

"கேக்கிறன், காய்ச்சினது ஆர்? அவன் பானைக்குக் கிட்டப் போனவனோ?"

"மாமி, பிள்ளையள் கேட்டுக்கொண்டிருக்குதுகள்" என்றாள் உன் பெண்சாதி.

"கேக்கட்டும். இந்த வீட்டில காது வேலை செய்யிற ஆக்களும் இருக்கினம் எண்டு தெரியட்டும்."

அப்போதுதான் நீ அவனுடைய டோர்வல் வேலைக் கதையை எடுத்தாய். குற்றம் நிரூபணமானால் அந்த விமான நிலையத்தில் உள்ளே போகிற பாஸை அவனிடமிருந்து பறித்துவிடுவார்கள், வேலை போய்விடும், எங்கள் சனத்தைப் பற்றி இந்த நாட்டுக்காரர் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் சொன்னாய். நீ படித்ததெல்லாம் எங்கே போனது என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அது ஆராய்ச்சி அம்மா. இது வாழ்க்கை." நான் எழும்பி என் சீலைகளை ஒரு பையில் போட்டேன்.

உன்னோடு எனக்குள்ள கோபம் ஜெயந்திக்காக மட்டும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நீதான் என் வாய், நீதான் என் காது. குடிவரவு அலுவலகத்தில், வங்கியில், பல் டாக்குத்தரிடத்தில், எங்கேயும் நான் தமிழில் சொன்னதை நீ கொண்டுபோய்க் கொடுத்தாய், அவர்கள் சொன்னதைக் கொண்டுவந்து தந்தாய். ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. இப்போது எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்குத்தர் கட்டிலடியில் நின்று நெடுநேரம் பேசினார். நீ என்னிடம், "மருந்து பிடிக்குதாம் அம்மா" என்றாய். இரண்டு கிழமையில் அவர் போய்விட்டார். அந்த டாக்குத்தர் உண்மையில் என்ன சொன்னார்? எனக்குத் தெரிந்திருந்தால் நான் அந்த இரண்டு கிழமையும் வீட்டுக்கு வந்து சமைத்துக்கொண்டிருக்கமாட்டேன், அவர் பக்கத்தில் இருந்திருப்பேன். என் நன்மைக்குத்தான் செய்தாய் என்று சொல்வாய். என் நன்மையை எனக்கு விளங்குகிற மொழியில் என்னிடமே கேட்டிருக்கலாம்.

இனி என் பங்கைச் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் நானும் சுருக்கிச் சொன்னவள் ஆவேன். சுவரில் தலை மோதுகிற சத்தம் எனக்குத் தெரியும் என்றேனே, அதைப் பதினேழு வயதில் பாசையூரில் கேட்டேன். உன் பெரியம்மா, என் அக்கா, வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் கலியாணம் முடித்து இருந்தா. அவவின் புருசன் வள்ளத்துக்குத் தண்டுவலிக்கிற கட்டையால் அடிப்பான். ஒருநாள் அடி கூடிப்போய், ஆரோ சொல்லி விதானையார் விசாரிக்க வந்துவிட்டார். அரசாங்கத்தின் ஆள், கையில் கொப்பி. எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று, "பிள்ளை, நீ ஏதும் கேட்டனியோ?" என்று என்னைக் கேட்டார். என் அம்மா பின்னால் நின்று என் முழங்கைக்கு மேலே கிள்ளினா. "நான் கிணத்தடியில நிண்டனான். ஒண்டும் கேக்கேல்ல" என்றேன். அவர் எழுதினார். தலையைத் திருப்பினால் வேலிக்கு மேலால் அக்கா நிற்கிறா. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா.

அவ என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் அதை வைத்துக்கொண்டு அவவோடு கோபித்திருப்பேன். அந்த அடியில் இடது காது போய்விட்டது. அதற்குப் பிறகு நாற்பது வருசம், நான் என்ன சொல்ல வாயெடுத்தாலும் அவ தலையைத் திருப்பி வலது காதைக் காட்டுவா. ஒவ்வொரு முறையும். கறிக்கு உப்புப் போட்டாச்சோ என்று கேட்டாலும் அந்தத் திருப்பம்தான். மற்றவர்கள் எனக்குச் செய்ததெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது என்று பெருமை பேசுகிறேனே, என் நினைவில் ஆக மேலே கிடப்பது நான் செய்ததுதான். இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட வேறு பாவங்களைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

உனக்கு ஏழு வயதில் பள்ளி விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டில் நின்றோம். நீ ஓடி வந்து, "பெரியம்மா ஏன் கத்துறா?" என்று கேட்டாய். "அது ரேடியோ நாடகமடா" என்றேன். அந்த வீட்டில் ரேடியோ இருக்கவில்லை. உனக்கும் அது தெரியும். நீ என் முகத்தைப் பார்த்தாய், பிறகு போய் விளையாடினாய். அன்றைக்கு நான்தான் உனக்குப் படிப்பித்தேன், கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்வது எப்படி என்று. உன் பேராசிரியர்கள் எல்லாரும் சேர்ந்தும் அதை அழிக்க முடியாமல் போய்விட்டது. ஆகவே உன் பொய்யில் பாதி என்னுடையது என்று ஒத்துக்கொள்கிறேன். பாதிதான். மிச்சப் பாதிக்கு உனக்கு வயது நாற்பத்திரண்டு.

என் அம்மா கிள்ளினதால் நான் பொய் சொன்னேன். என்னை மன்னிக்க அது காணாது, ஆனாலும் அது என் நாக்கு, என் பொய். நீ செய்தது வேறு. நான் ஐம்பது வருசத்துக்குப் பிறகு முதன்முதலாக வாயைத் திறந்து, கேட்டதைக் கேட்டேன் என்று சொன்னேன். அந்த ஒரே ஒரு தரம். அந்த ஒன்றை எடுத்து நீ திரும்பவும் "ஒண்டும் கேக்கேல்ல" என்று ஆக்கிவிட்டாய். என்னைத் திரும்பவும் கிணற்றடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாய். உனக்கு அந்தக் கதை தெரியாது என்பது உண்மைதான். தெரியாமலே அவ்வளவு சரியாக அதே சொல்லைத் தேர்ந்து எடுத்திருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அல்பிரட்டுக்கு நீ நன்றியாக இரு, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை போனால் அவனுக்கு உன் வீட்டில் சோறு போடு. எட்டு மாதம் போடு, எட்டு வருசம் போடு. உன் கையால் காய்ச்சிப் போடு. அது உன் கடமை, உன் பானை. ஆனால் அவன் உனக்குத் திறந்த கதவுக்கு அவளுடைய தலையைக் கொடுக்க உனக்கு உரிமை இல்லை. என் வாயைக் கொடுக்கவும் இல்லை. எங்கள் சனத்தின் மானம் போய்விடும் என்றாய். ஒரு கிரேக்கக் கிழவி தாச்சியோடு இறங்கி வரும்வரை ஒரு தமிழ்க் கதவும் திறக்கவில்லை. அன்றைக்கே போன மானம் அது. இனிப் போக ஒன்றும் மிச்சமில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் அங்கே போகிறேன். உன் தங்கச்சி கூட வருகிறாள். நீ வந்து பக்கத்தில் நிற்கவேண்டாம், அந்தச் சென்னைப் பிள்ளை போதும். அவள் பேசுகிற தமிழ் எனக்குக் கொஞ்சம் வேறாகக் கேட்கிறது, ஆனால் நான் நீட்டிச் சொன்னால் அவளும் நீட்டித்தான் சொல்கிறாள். நான் கேட்டது முழுவதையும் திரும்பச் சொல்வேன். அல்பிரட் "கீழ வாத்தியார் இருக்கிறார்" என்று சொன்னதையும் சொல்வேன். அதைச் சொன்னால் வாத்தியார் எங்கே இருந்தார் என்று கேட்பார்கள். மேசையில் இருந்தார் என்பேன். அன்றைக்கு மொழிபெயர்த்தது யார் என்று அந்தப் பிள்ளை மறுபடி கேட்பாள். உன் பெயரைச் சொல்வேன். உன் அப்பாவின் பெயரையும் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வேன், அவர்கள் பிழையாக எழுதிவிடக்கூடாது. அதனால் உன் கல்லூரி வேலைக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. உன் தங்கச்சி நேற்று முழுக்க அழுதாள். நான் அழவில்லை, ஆனால் சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று சொல்லமாட்டேன்.

நீயே போய், நீ கேட்டதையும் நீ செய்ததையும் உன் வாயால், உனக்கு நன்றாகத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லிவிட்டால், என்னிடம் அந்தக் கேள்வி வராது. விலாசம் உன் தங்கச்சியிடம் இருக்கிறது. அந்த அலுவலகம் திங்கட்கிழமை முழுநாளும் திறந்திருக்குமாம்.

அம்மா